மூன்றரை நீச்சல்குளம்

அமேசானில் காடு எரிந்தால்
ஒரு வேல்ஸ் எரிந்தது என்று எழுதுவோம்.
அண்டார்க்டிகாவில் பனிப்பாறை உடைந்தால்
கால் வேல்ஸ்.
லண்டனில் இருப்பவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.
நாங்களோ அந்த வேல்ஸுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம்,
ஸ்வான்சீயில், மீன்வறுவல் கடையின் மேல்மாடியில்,
தன் நீளத்தைத் தானே அளந்துகொள்ள முடியாத
முழக்கோலின் சங்கடத்தோடு.

எனக்கு இரவுப் பணி.
எண்கள் வரும்.
வாசகர் மடியில் அடங்கி உட்காரும்படி
அவற்றைப் பழக்கி அனுப்ப வேண்டும்.
உயரம் என்றால் மாடிப்பேருந்து.
எடை என்றால் யானை
(ஆப்பிரிக்க யானையா, ஆசிய யானையா என்று
நெரிஸ் ஒருமுறை கேட்டாள்.
யாரும் தலை நிமிரவில்லை).
பரப்பு என்றால் கால்பந்து மைதானம்.
ஊரே ரக்பி ஆடினாலும் கால்பந்துதான்,
தலைமையகத்தின் உத்தரவு.
மெலிவு என்றால் தலைமுடி.
யாருடைய தலைமுடி?
எனக்கு முன்நெற்றியில் கொட்டிவிட்டது.

போன மார்ச்சில் ஒரு விண்கல்லைப்
பதினொரு ஒட்டகச்சிவிங்கி என்று போட்டேன்.
நீத்திலிருந்து ஒரு பள்ளிச் சிறுமி
பச்சைப் பென்சிலில் எழுதியிருந்தாள்:
'நின்றுகொண்டா, படுத்துக்கொண்டா?'
பதில் எழுதவில்லை.
கடிதம் இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது,
படுத்துக்கொண்டு.

பிப்ரவரி. ஏழு நாள் மழை.
இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது செய்தி:
நான்ட்-எ-காரெக் பள்ளத்தாக்கில்
பழைய சுரங்கக் கழிவுமேடு சரிந்தது.
ஒன்பதாயிரம் கனமீட்டர். உயிர்ச்சேதம் இல்லை.
கை தன்னால் போயிற்று
ஒலிம்பிக் நீச்சல்குளத்துக்கு.
வகுத்தேன். மூன்று புள்ளி ஆறு.
தலைப்பில் புள்ளி ஆகாது.
மூன்றரை.
மலையிலிருந்து வந்த கறுப்புச் சேறு
நீல ஓடுகளுக்குள் மட்டமாக அடங்கியது,
தடம் பிரிக்கும் மிதவைக் கயிறுகளோடு.
ரப்பர் தொப்பி மாட்டிய யாரோ ஒருவர்
விளிம்பில் குனிந்து
விசிலுக்குக் காத்திருந்தார்.

அப்போது தொலைபேசி.
இத்ரிஸ் ப்ராபர்ட், மேல்வரிசை, ஒன்பதாம் எண் வீடு.
எவ்வளவு வந்தது என்று கேட்டேன்.
'மூன்றாவது படி.'
மீட்டரில்?
'மூன்றாவது படி, தம்பி.
கிறீச்சிடுமே, அந்தப் படி.
இருபத்தாறு வருஷமாக ராத்திரியில்
தண்ணீர் குடிக்க இறங்குகிறவர்கள் எல்லாம்
அதைத் தாண்டித்தான் கால் வைப்போம்.
நாய்கூட.
இன்றைக்குச் சேறு அதன்மேல் ஏறியது.
ஒரு சத்தம் இல்லை.'

பிறகு அவர் எதுவும் பேசவில்லை.
பின்னால் யாரோ
வாளியை இழுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

'மூன்றாவது படி வரை' என்று தட்டினேன்.
கார்விஸ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
யார் வீட்டுப் படி?
ஒரு படி எத்தனை அங்குலம்?
கார்டிஃபில் மின்தூக்கியில் ஏறுகிறவனுக்கு
இதில் என்ன விளங்கும்?
கேள்விகளில் தவறில்லை.
எனக்கும் பதில் தெரியவில்லை.

முதல் பக்கத்தில் மூன்றரை நீச்சல்குளம்.
படி ஆறாம் பக்கத்துக்குப் போனது, கடைசி வரியாக.
ஒரு மணிக்கு சோபா விளம்பரம் வந்தது.
எட்டு சென்டிமீட்டர் இடம் கேட்டது.
கடைசி வரியிலிருந்துதான் வெட்டுவார்கள்.

நாலரைக்கு வீடு திரும்பினேன்.
விளக்குப் போடவில்லை.
மாடி ஏறும்போது மூன்றாவது படியில் நின்று
முழு எடையையும் கொடுத்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் அழுத்தினேன்.
எங்கோ ஓர் ஆணி முனகியது.
அறைக்குள்ளிருந்து பெத்தான், தூக்கம் கலைந்து:
'யானை மாதிரி ஏறுகிறாய்.'

எந்த யானை என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
ஒரு படி இறங்கி நின்று
மறுபடியும் மிதித்தேன்.